அம்மாவின் நெஞ்சுக்குள் ஒரு எதிரொலி

அன்புள்ள அப்பா,

நம் ஊர் இனயத்தில் கடல் அமைதியாக இருக்கிறது. அம்மா நலம். இந்த இரண்டாவது வரியை எழுத முடியுமா என்று கொஞ்ச நாளாகவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

விடாத வறட்டு இருமல் என்று அம்மாவை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேனில், மூச்சுக்குழாயை ஒட்டி நெறிக்கட்டிகள் வீங்கியிருந்தன. புற்றுநோயாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், ஊசியால் குத்திப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. உங்கள் நுரையீரல் புற்றுநோயைக் கூடவே இருந்து பார்த்தவளுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

"ஒங்க அப்பாக்கு வந்ததுதான் எனக்கும். இனி குத்திப் பாத்து என்ன செய்ய? விடு மக்கா."

நுனியில் அல்ட்ராசவுண்ட் உள்ள மெல்லிய குழாயை வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் இறக்குவார்களாம். அது ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்குமாம். அதைப் பார்த்துக்கொண்டே ஊசியால் துளி சதை எடுப்பார்களாம். எனக்கு உங்கள் படகில் மீன் பார்க்கும் எக்கோ கருவிதான் ஞாபகம் வந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"அதுல மீன்கூட்டம்னு தெரிஞ்சு, வலை வெறுமையா வந்த நாளும் உண்டுல்லா?"

"அதுக்குத்தாம்மா ஊசி."

"அப்ப செரி. போட்டுப் பாக்கட்டு."

சோதனை முடிந்ததும் டாக்டரம்மா எனக்குப் படங்களைக் காட்டினார். நல்லதையும் கெட்டதையும் எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன்.

"நீளவாக்குல இருந்து, ஓரம் மங்கலா, நடுவுல ஒரு தடம் தெரிஞ்சா பெரும்பாலும் பயமில்ல. உருண்டையா, ஓரம் தெளிவா இருந்தா சந்தேகப்படணும்."

தெளிவாகத் தெரிவதா கெட்டது? எனக்கு விந்தையாக இருந்தது. ஆனால் அம்மாவுடையதில் ஒன்று உருண்டைதான். ஓரமும் தெளிவு. நடுவில் கறுப்பாக ஒரு திட்டு வேறு.

"காசநோயும் சில நேரம் இப்பிடி ஏமாத்தும். எங்க குத்தணும்னு படம் சொல்லும். அது என்னன்னு ஊசி எடுத்ததுதான் சொல்லும்," என்றார்.

முடிவு வந்தது. காசநோய்தான் அப்பா. மாத்திரையில் குணமாகும். அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்த என்னை டாக்டரம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

உங்கள் நெஞ்சுக்குள் இருந்தவை எப்படித் தெரிந்திருக்கும்? எல்லாம் உருண்டையாகவா? நடுவிலிருந்த தடம் அழிந்தா? பயத்தில் அன்று நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் அந்தத் திரையைப் பார்த்திருந்தால், கேள்வி மேல் கேள்வி கேட்டு, டாக்டரம்மாவைச் சாப்பிடக்கூடப் போகவிட்டிருப்பீர்களா?

முடிவு வந்த மறுநாள், பூசை முடிந்ததும் அம்மா உங்கள் கல்லறைக்கு வந்தாள். அவள் முணுமுணுத்தது உங்களுக்குக் கேட்டதோ என்னவோ, பின்னால் நின்ற எனக்குக் கேட்டது.

"பக்கத்துல எடம் கெடக்கட்டு. நான் வர இன்னும் நாளாவும்."

அந்த நாள் நீளும்படி, ஒரு வேளை மாத்திரையும் தவறாமல் பார்த்துக்கொள்வேன் அப்பா. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
செலின்