ஷாலிமார் பற்றிப் பேசிய நாள்

2009 ஏப்ரல் 19, ஹரோ, லண்டன்

காஷ்மீரத்து அரச தோட்டங்கள் பற்றி மே 14 அன்று பேசுவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். இத்தனை வருட ஆராய்ச்சிக்கு இதுதான் முதல் மேடை. அம்பலவாணன் அண்ணை பாராளுமன்றத்துக்கு முன்னால், போரை நிறுத்தச் சொல்லிக் கூடிய கூட்டத்தில் நின்றபடியே போனில் கத்தினார். "தவமலர் வன்னியிலை ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்கை கிடக்கிறாள். உனக்கு ராசாமாரின்ரை பூந்தோட்டம் கேக்குதோ?"

நான் மட்டும் தவமலர் அக்காவை மறந்தா இருக்கிறேன்?

மே 3

அக்காவின் போன் இன்றும் இல்லை. ஷாலிமார் தோட்டத்தின் வரைபடத்தைத் திருத்தினேன். மலை ஓடையை மேலே மறித்து, தட்டுத் தட்டாக இறக்கியிருக்கிறார்கள். மேல்தட்டு அந்தப்புரத்துக்கு, நடுத்தட்டு அரசனுக்கு, அடித்தட்டு குடிகளுக்கு. எல்லோரும் பார்த்து முடித்த தண்ணீர்தான் குடிகளுக்கு. இதை அழகு என்று எழுத எனக்கும் கை வருகிறதே, சீ.

மே 11

பேசப் போகாமல் விடவா? விட்டால் ஷெல் அடிப்பதை நிறுத்திவிடுவார்களா?

மே 14

பேசினேன். நிஷாத் தோட்டத்தின் கதையையும் சொன்னேன் — மாமனாரின் தோட்டம் தன்னுடையதைவிட அழகாயிருந்தது பொறுக்காமல், ஷாஜகான் அதற்குப் போகும் நீரை மறித்தானாம். சபை சிரித்தது. தண்ணீரை மறிப்பது இவர்களுக்குச் சிரிப்பு. முடிவில் ஒரு சீமாட்டி, நான் காஷ்மீரியா என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அங்கேயும் தோட்டங்கள் உண்டா என்றார்.

ஆனாலும் நன்றாகப் பேசினேன். கைதட்டினார்கள். ரயிலில் வரும்போது சந்தோஷமாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மே 19

வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். அண்ணை போன் எடுக்கவில்லை.

ஜூன் 20

அகதி முகாமிலிருந்து அக்காவின் அயல்வீட்டுப் பெண் பேசினாள். அக்கா போய்விட்டாளாம். ஷெல்தான். மே நடுப்பகுதி. எந்த நாள் என்று கேட்டேன். "அக்கா, அங்கை ஆர் திகதி பாத்தது?" என்றாள்.

ஜூலை 12

அண்ணை வீட்டில் அக்காவுக்கு அந்தியேட்டிக் கிரியை. இறந்த நாள் தெரியாவிட்டால் அமாவாசையைத் திதியாக வைத்து வருடாவருடம் திவசம் செய்யலாம் என்றார் ஐயர். அண்ணை தலையாட்டவில்லை.

"மே பதினாலை வையுங்கோ ஐயா."

"ஏதும் தகவல் வந்ததோ?"

"இல்லை. இவள் மேடையிலை நிண்டு பேசின நாள். இவள் மறக்கமாட்டாள்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உண்மையில் அக்கா இறந்தது அன்றாகவும் இருந்திருக்கலாம். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி அன்றைய திதியைப் பார்த்தார். பிறகு எள்ளைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.