தேநீர் குடிக்கும் கம்பி

பார்கால்டின், குயின்ஸ்லாந்து
4 பிப்ரவரி 1986

மெர்வ்,

‘அன்புள்ள’ என்று போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனிமேல் எழுதிக்கொள்ளலாம் என்று பேசி வைத்தோமே, அதன்படி எழுதுகிறேன்.

ஊரில் எல்லார் வீட்டு வயரையும் சரிபண்ணிய எலக்ட்ரீஷியன் நீ. நம் வீட்டுத் துருப்பிடித்த தண்ணீர்க் குழாயை மட்டும் ‘அடுத்த மாசம்’ என்றே தள்ளிக்கொண்டிருந்தாய். நீ மவுண்ட் ஐசா சுரங்கத்துக்குக் கிளம்பிப் போனாய், நானே மாற்றிவிட்டேன். தெருவிலிருந்து சுவர் வரை தோண்டி, இரும்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய். பக்கத்து வீட்டு நெவில் வேலியில் சாய்ந்துகொண்டு, “அந்தத் தடியனுக்கு நீ எவ்வளவோ தேவலை, டொரீன்!” என்றார். உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பழைய குழாயில் ஒரு செம்புக் கம்பி சுற்றியிருந்தது. வீணாக்குவானேன் என்று நறுக்கி, பாஷன்புரூட் கொடியை வேலியோடு கட்டிவிட்டேன்.

ஜோலினுக்கு முன்பல் விழுந்துவிட்டது. குளியலறைக் குழாயைத் தொட்டுத் தொட்டு, “அம்மா, குழாய் கிச்சுக்கிச்சு மூட்டுது!” என்று பொக்கை வாயோடு சிரிக்கிறாள். எனக்கும் விரலில் லேசாகச் சுருக்கென்றது. உன் குணம் குழாய்க்கும் வந்துவிட்டது போலிருக்கிறது.

டொரீன்

*

மவுண்ட் ஐசா
7 பிப்ரவரி

அன்புள்ள டொரீன்,

நான் போடுகிறேன்.

இது கைக்கு வரும்போது என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். உன் கடிதத்தைப் படித்ததும் போனுக்கு ஓடினேன். “எழுதுன்னுதானே சொன்னேன்!” என்று வைத்துவிட்டாய். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. பிறகுதான் நெவிலைக் கூப்பிட்டேன். “ஓடுங்க நெவில், மொதல்ல மெயினை அணைங்க. அவகிட்ட திட்டு அப்புறமா வாங்கிக்கலாம்!”

அது கிச்சுக்கிச்சு இல்லை, டொரீன். கரண்ட். வெந்நீர் ஹீட்டரில் எங்கோ பழுது, அதன் உடம்புக்கு மின்சாரம் கசிகிறது. உடம்பிலிருந்து செம்புக் குழாய் வழியாகக் குளியலறைக்கு. முன்பெல்லாம் இப்படிக் கசிந்தால் அந்தக் கம்பி அதை இரும்புக் குழாய்க்குக் கொண்டுபோகும், குழாய் மண்ணுக்குள் இறக்கிவிடும், பியூஸ் போய் நமக்குச் சொல்லும். நம் வீட்டு எர்த் மொத்தமும் அந்த ஒரு குழாயை நம்பித்தான் இருந்தது. கம்பி இப்போது பாஷன்புரூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக்கோ எதையும் கடத்தாது. போக வழியில்லாத கரண்ட், ஈரத் தரையில் நின்று குழாயைத் தொடுகிறவருக்காகக் காத்திருக்கிறது.

இன்றைக்குக் கசிவு சின்னது, பிள்ளை சிரித்தாள். நாளைக்கு?

லாங்ரீச்சிலிருந்து எலக்ட்ரீஷியன் ஸ்டான் வருவான். அதுவரை மெயினைப் போடாதே. அவன் மண்ணில் புதுசாக ஒரு எர்த் கம்பி இறக்குவான். நம் ஊர் மண் பிஸ்கட் மாதிரி காய்ந்து கிடக்கும், காய்ந்த மண்ணில் கம்பி இருந்தும் பயன் குறைவு. தினம் தேநீர்க் கெண்டியில் மிஞ்சியதை அதன் அடியில் ஊற்று.

மெர்வ்

*

பார்கால்டின்
15 பிப்ரவரி

மெர்வ்,

நெவில் சாப்பாட்டு நேரத்தில் வந்து வீட்டை இருட்டாக்கினார். “மெர்வ் சொன்னான்” என்றார். “மெர்வ் யாரு இந்த வீட்டுல?” என்று கத்தினேன். பாவம், கையில் இருந்த தொப்பியைக் கீழே போட்டுவிட்டார். உன் கடிதம் வந்தபிறகு பூசணி ஸ்கோன் சுட்டு எடுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஸ்டான் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தான். ஜோலினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், “குடுத்துவெச்சவங்க நீங்க” என்றான். அன்று இரவு அவளை என் பக்கத்திலேயே படுக்கப் போட்டுக்கொண்டேன்.

பழைய குழாயில் சுற்றியிருந்த அந்தச் செம்புக் கம்பி எதற்கு என்று ஒருமுறை உன்னிடம் கேட்டேன். “அது கெடக்கட்டும், தொடாதே” என்றாய். ஏன் என்று சொல்லியிருந்தால் தொட்டிருக்க மாட்டேன்.

ஸ்டான் சொன்னான். தொட்டி, குழாய், ஹீட்டர் எல்லா இரும்பையும் செம்பையும் ஒரே கம்பியில் சேர்த்துவிட்டானாம். “எல்லாம் ஒரே மட்டத்துல இருந்தா எதைத் தொட்டாலும் கடிக்காது. ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயும் நின்னா, ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவங்களுக்குத்தான் அடி.” நான் ஜோலினை நினைத்துக்கொண்டேன். ஒரு கையில் நீ, ஒரு கையில் நான்.

அன்று நீ கூப்பிட்டபோது நான் போனை வைத்திருக்கக் கூடாது.

டொரீன்

*

மவுண்ட் ஐசா
21 பிப்ரவரி

அன்புள்ள டொரீன்,

இங்கே இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டுகிறார்கள். மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டும். ‘மெர்வ் யாரு இந்த வீட்டுல’ என்று கேட்டாயே, அதற்குப் பதில் எனக்கும் தெரியவில்லை. நீயே சொல். போடட்டுமா?

மெர்வ்

*

பார்கால்டின்
25 பிப்ரவரி

அன்புள்ள மெர்வ்,

மழை இல்லை. எர்த் கம்பிக்குத் தினமும் தேநீர் ஊற்றுகிறேன். ஜோலின் அதற்கு உன் பெயர் வைத்திருக்கிறாள், “அப்பாவுக்கு டீ குடுத்தாச்சா?” என்று சாயங்காலம் தவறாமல் கேட்கிறாள்.

நீ போனதிலிருந்து ஒரு ஆளுக்குத் தேயிலை போட எனக்குக் கை வரவில்லை. இரண்டு பேர் அளவுக்கே போடுகிறேன். பாதிக் கெண்டி மிஞ்சுகிறது. கம்பிக்கு அவ்வளவு வேண்டாம்.

கையெழுத்துப் போடாதே. கிளம்பி வா. கம்பிக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.

உன்
டொரீன்