தேதி முடிந்த ஸ்டிக்கர்

இன்று காலை தென்காசியில் அதே கிளினிக்கில், நீ படுத்த அதே கட்டிலில், சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தேன். நெஞ்சில் தடவிய ஜெல் சில்லென்று இருந்தது. ஈ.சி.ஜி. தாளைப் பார்த்த டாக்டர், "உடனே திருநெல்வேலிக்குக் கிளம்புங்க" என்றார். என் கண் தானாக மிஷினின் பக்கவாட்டுக்குப் போயிற்று. கருவியை அடுத்து எப்போது சோதிக்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். தேதி முடிந்திருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் இவர்கள் திருந்தவில்லை பார்.

கடலோரத்தில் அணுமின் நிலையம் கட்டும் இடத்தில் நாம் இருவரும் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர்கள். சந்தேகப்படத்தான் நமக்குச் சம்பளம். இருந்தாலும் நீ கொஞ்சம் அதிகம். "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று யாராவது வந்து சொன்னால் உனக்கு மூக்கில் வியர்த்துவிடும். "கேக்காமலே சொல்லுதான்னா என்னமோ இருக்குலே" என்பாய். லீவில் ஊருக்கு வந்தாலும் அடங்க மாட்டாய். ஐந்தருவியில் குளிக்கும் முன் பிடிமானக் கம்பியை ஆட்டிப் பார்ப்பாய். பின்னால் நிற்கிறவர்கள் திட்டுவார்கள். பரோட்டாக் கடையில் சால்னாவை முகர்ந்து, எண்ணெயைக் கேட்டு, கல்லை எட்டிப் பார்ப்பாய். "அண்ணாச்சி, சாப்பிட வந்தியளா, ரெய்டுக்கு வந்தியளா?" என்று கடைக்காரர் கேட்டேவிட்டார். நான்தான் கூசிப்போனேன். நீ இன்னும் ரெண்டு பரோட்டா சொன்னாய்.

குழாயில் தண்ணீர் ஏற்றி அழுத்தம் பார்த்த அந்த நாள் நினைவிருக்கிறதா? அழுத்தம் காட்டும் கேஜ் சொன்ன அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் ஸ்டிக்கரில் தேதி முடிந்திருந்ததை நீ பார்த்துவிட்டாய். "ஹோல்ட்" என்றாய். அந்தச் சொல் விழுந்தால், மறுபடி சோதித்து முடிக்கும்வரை எதுவும் அசையக்கூடாது. கான்ட்ராக்டரின் இன்ஜினியர் கெஞ்சினார். "தப்பா காட்டுதுன்னு நான் சொல்லல. சரியா காட்டுதான்னு நமக்குத் தெரியாது, அம்புட்டுதான். வேற கேஜ் கொண்டாங்க, இங்கனயே நிக்கேன்" என்றாய். சாப்பிடக்கூடப் போகாமல் வெயிலில் நின்றாய். வேறு கேஜும் அதே அளவைக் காட்டியபிறகுதான் கையெழுத்துப் போட்டாய்.

அப்பேர்ப்பட்ட நீ, உன் நெஞ்சு விஷயத்தில் என்ன செய்தாய்?

சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் உன் மனைவி எனக்கு போன் செய்தாள். நான் சைட்டில் இருந்தேன். "அண்ணே, ஈ.சி.ஜி. பாத்துட்டு டாக்டர் உடனே திருநெல்வேலி போகச் சொல்லுதாரு. இவிய வர மாட்டேங்காவ. நீங்களாவது சொல்லுங்க" என்றாள். போனை வாங்கிய நீ சிரித்தாய். "ஏலே, மிஷின்ல டேட் முடிஞ்சு போச்சு. இந்த ரீடிங் செல்லாதுலே. நாளைக்கு வேற இடத்துல எடுத்துக்கிடுதேன்."

"அப்போ ஹோல்ட் போடு. அங்கனயே உக்காரு, வண்டி அனுப்புதேன்" என்று கத்தினேன். "சரி சரி" என்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாய். மறுநாள் காலையில் நான் வந்து சேர்ந்தபோது நீ இல்லை. உன் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று முதல் உன்மேல் எனக்குக் கோபம், கோபத்தைவிடச் சந்தேகம். தேதி முடிந்தால் சரியா தப்பா தெரியாது என்றுதானே அர்த்தம்? உன் வாயால் சொன்னதை நீ மறந்தாய் என்றால் நான் நம்ப மாட்டேன். ஸ்டிக்கரைச் சாக்காக வைத்து வேறு எதையோ மறைத்தாய் என்று நினைத்தேன். உன் மனைவியிடமும் கேட்டேன். "எனக்கும் பிடிபடலண்ணே. வெளிய வரும்போது சந்தோசமாத்தான் இருந்தாவ. வர்ற வழியில மங்குஸ்தான் பழம்கூட வாங்கினாவ" என்றாள். நெஞ்சுவலி என்று போன ஆளுக்கு என்ன சந்தோஷம், என்ன மங்குஸ்தான்? அந்த ஒரு பதில்தான் இத்தனை வருஷமும் எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது.

இன்று காலை பிடிபட்டது. தேதி முடிந்திருந்ததைப் படித்ததும் எனக்கு வந்தது சந்தேகமே இல்லை. அப்பாடா என்று இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை, மிஷின்தான் கோளாறு என்று மனசு துள்ளியது. சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தேவிட்டேன். செருப்பைத் தேடும்போதுதான் உறைத்தது: லே, இந்தச் சந்தோஷமா அது?

நீ எதையும் மறைக்கவில்லை. பயந்துபோயிருந்தாய். எவன் சொன்னதையும் நம்பாதவன், பிழைத்துவிட்டோம் என்று சொன்ன ஒரு துண்டு ஸ்டிக்கரை மட்டும் நம்பிவிட்டாய். என் கோபம் அங்கேயே இற்றுப்போனது. செருப்பைப் போடாமல் நின்று அழுதேன். "ரொம்ப வலிக்குதா சார்?" என்று நர்ஸ் பதறினாள். "வண்டி வரட்டும்மா, இங்கனயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இப்போது திருநெல்வேலியில் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இரண்டாவது மிஷினும் அதையேதான் சொன்னது. நாளை அடைப்பை எடுக்கிறார்கள், பயமில்லை என்கிறார்கள். கேட்காமலே சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது. இங்குள்ள ஸ்டிக்கரையும் பார்த்துவிட்டேன், தேதி இன்னும் முடியவில்லை. காலையில் அங்கே வண்டி வர அப்படியொன்றும் நேரமாகவில்லை. நீயும் அந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம்லே.