பச்சைக் காது

ஜூன் 3, செவ்வாய்

அப்பா இன்று பொம்மையின் தலையை என்னிடம் கொடுத்துவிட்டார். உடம்பு அவர் மேஜையில், தலை என் மேஜையில். "காது ரெண்டும் உன் பொறுப்பு" என்றார்.

இது கடையில் விற்ற பொம்மை இல்லை. ஒரு ஃபேஷன் பொம்மையை ஆயிரக்கணக்கில் செய்வதற்கு முன்னால், தொழிற்சாலையில் ஒன்றிரண்டை மட்டும் செய்து பார்ப்பார்களாம். அதுதான் சாம்பிள். கடைக்கு வந்தவளுக்கு இயந்திரம் வண்ணம் தெளித்தது. இவளுக்கு யாரோ தூரிகையால் கண் வரைந்திருக்கிறார்கள். ஒரு புருவம் மட்டும் மயிரிழை அளவு மேலே. நாம் சொல்வதை நம்பாதவள் மாதிரி பார்க்கிறாள்.

பொம்மைக் கண்காட்சியில் சாம்பிள்களுக்கென்றே ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. பகலெல்லாம் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுத்து, இரவில் பழைய பொம்மைகளைப் பழுது பார்க்கிற என் அப்பா, வருஷா வருஷம் அதன் முன்னால் மூக்கு இடிக்க நிற்பார். இந்த முறை, 15ஆம் தேதி, எங்கள் பொம்மையே உள்ளே போகலாம். ஒரே நிபந்தனை: முகத்தில் பழைய வண்ணத்தின் மேல் யாரும் புதிதாகப் பூசியிருக்கக் கூடாது.

சிக்கல் காதில்தான். அவள் போட்டிருந்த கம்மலின் உலோகம் ஊறி, காதைச் சுற்றிப் பாசி படிந்த மாதிரி பச்சை. அம்மா எட்டிப் பார்த்து, "எனக்கு நீங்க வாங்கிக் குடுத்த கம்மலும் இதே ரகந்தான். இவளுக்காச்சும் வைத்தியம் பாக்க ஆள் இருக்கு" என்றாள். அப்பாவுக்குக் கேட்கவில்லை. அதாவது, கேட்காத மாதிரி.

ஜூன் 5, வியாழன்

வைத்தியம் இதுதான்: முகப்பருவுக்குப் போடும் களிம்பைப் பச்சையின் மேல் மட்டும் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஜன்னல் வெயிலில் வைக்க வேண்டும். என் மூக்குக்காக வாங்கிய களிம்பு!

அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார்: "பச்சை லேசா மிச்சம் இருக்கும்போதே தொடச்சிரணும்மா. தொடச்சப்புறமும் அது உள்ள வேலை பாக்கும்."

வலது காது அருமையாக வந்துவிட்டது. அப்பா விசிலடித்துக்கொண்டே போனார்.

ஜூன் 7, சனி

இடது காது. மத்தியானம் பார்த்தபோது லேசாகப் பச்சை இருந்தது. அப்போதே துடைத்திருக்க வேண்டும். எனக்குத்தான் எதையும் பாதியில் விட மனசு வராதே. கடைசிப் பக்கத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடச் சொன்னால் மூடுவேனா? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டுவிட்டேன்.

மாலையில் பச்சை துளிகூட இல்லை. காதின் நிறமும் இல்லை. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

ஜூன் 8, ஞாயிறு

துடைத்தாயிற்று, கழுவியாயிற்று. ஆனாலும் பரவுகிறது.

ஜூன் 9, திங்கள்

கன்னத்துச் சிவப்பின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. கணக்கு வகுப்பில் கரும்பலகை முழுக்க அந்தக் காதுதான் தெரிந்தது.

அப்பா வருவதற்குள் பொம்மையின் முடியை முன்னால் இழுத்துச் சீவி, காதை மூடினேன். வந்தார். பார்த்தார். "முடி நல்லா சீவியிருக்க" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

சொல்லிடலாமா? சொன்னா என்ன ஆகும்? திட்ட மாட்டார் — அதானே கஷ்டம். திட்டுற அப்பாவா இருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன்.

ஜூன் 10, செவ்வாய்

சாப்பாடு இறங்கவில்லை. அம்மா தட்டைப் பார்த்தாள்.

"பரீட்சையா?"

"இல்ல."

"காதலா?"

"அம்மா!"

"அப்ப சாப்பிடு."

ஜூன் 12, வியாழன்

நிறம் திரும்பிவிட்டது!!

காலையில் முடியை விலக்கிப் பார்த்தேன். காது காதாக இருக்கிறது. கன்னம் கன்னமாக இருக்கிறது. ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கனவில்லை.

வெளுத்த பிளாஸ்டிக் தானாக நிறம் பெறும் என்று நூலகத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தேடினேன். இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? புத்தகத்தில் எல்லாமுமா இருக்கிறது? (நான் இப்படி எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை.)

இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

எப்படி எழுதுவது.

சாம்பிள்களைச் சோதிக்கும் பெண்மணியை அப்பாவும் அவர் நண்பர்களும் 'பூதக்கண்ணாடி' என்பார்கள். உண்மையிலேயே கழுத்தில் ஒன்று தொங்குகிறது. எங்கள் பொம்மையின் கண்ணைப் பார்த்து, "யாரோ ரசிச்சு வரைஞ்சிருக்காங்க" என்றார். அப்பா என் தோளை அழுத்தினார். பிறகு பூதக்கண்ணாடி விளக்கை அணைத்துவிட்டு, ஊதா வெளிச்சம் வரும் ஒரு டார்ச்சை அடித்தார். முகம் முழுக்க ஒரே மங்கல். இடது காதிலிருந்து கன்னம் வரை மட்டும் ஒரு திட்டு, பளிச்சென்று நீலமாக.

"இது புதுப் பெயிண்ட். யார் கை?"

"நான்தான்" என்றேன். களிம்பை நினைத்து. அதே நேரம் அப்பாவும், "நான்தான்."

"ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்று சிரித்தவர், எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பல்லுக்கு நிறம் சேர்க்கிற கை. எனக்கு ஏன் தோணலை? ஏன் தோணவே இல்லை?

பூதக்கண்ணாடி கடைசியாகச் சொன்னது: "வெள்ளையாவே விட்டிருந்தா உள்ள வச்சிருப்பேன் சார். காயம் பட்டாலும் அது சாம்பிள்தான். இப்ப இதுல எவ்வளவு அவங்க வரைஞ்சது, எவ்வளவு நீங்க வரைஞ்சதுன்னு நான் எப்படிப் பிரிப்பேன்? கழுவினா பழைய சிவப்பும் சேர்ந்து வந்துரும்."

'பழுது பார்த்தவை' என்று எழுதிய மேஜையில், வாசலோரம் வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிப் பக்கம் அப்பா இந்த முறை போகவே இல்லை.

பஸ்ஸில் நான்தான், "தெரிஞ்சிருந்தும் ஏன்ப்பா கேக்கல?" என்றேன்.

"நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். நீ சாப்பாட்டையும் விட்டுட்ட. எனக்கு மனசு கேக்கல."

"விதி தெரியும்ல உங்களுக்கு."

"தெரியும்." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு பொம்மை எனக்குக் கண்ணுலயே படலம்மா."

அழுதேன். பக்கத்து ஸீட்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

தலையையும் உடம்பையும் நானே சேர்த்து, புத்தக அலமாரியில் உட்காரவைத்தேன். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி.

ஜூன் 24, செவ்வாய்

படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கதவருகே வந்து நின்றார், கையைப் பின்னால் வைத்துக்கொண்டு.

"ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார்.

நேற்று வந்த பழைய பொம்மை. இடது காலை வலப்பக்கமும் வலது காலை இடப்பக்கமும் மாட்டிவிட்டாராம். கழற்ற வரவில்லை. பாதங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் பார்க்க, எந்தப் பக்கம் ஓடுவது என்று புரியாதவள் மாதிரி இருந்தாள். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான்.

"வெந்நீர்ல முக்கினா இளகும்ப்பா."

"ஒடஞ்சிருச்சுன்னா?"

"ஒடஞ்சா ஒடஞ்சதுன்னு சொல்லுவோம்."

இரண்டு பேரும் சமையலறைக்குப் போய், அம்மாவைக் கேட்காமல் பால் பாத்திரத்தை எடுத்தோம்.