மதியம் 2.10-க்குத் தொடங்கிய அப்டேட்

பயாமோ
5 செப்டம்பர் 2023

ஓனெலியோவுக்கு,

வீட்டுக் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. எங்கள் வானொலி நிலைய டெக்னீஷியன் ரமீரோ நேற்று வந்து பார்த்து உறுதி செய்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள், அவ்வளவுதான். "இந்த லினக்ஸெல்லாம் நமக்கு ஆகாதுக்கா. மொத்தமா அழிச்சிட்டு வேற போட்டுடறேன்" என்றான். சனிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே இருப்பது உனக்குத் தெரியும். 1963-ஆம் வருட வெள்ளத்தில் தப்பிய பதினான்கு பேரின் குரல்கள். அவர்களில் ஒன்பது பேர் இப்போது உயிரோடு இல்லை. வேறு பிரதி கிடையாது. அவற்றை ஒலிபரப்பும் நிகழ்ச்சி அக்டோபர் 4-ஆம் தேதி.

போனில் பேசினால் சண்டையில்தான் முடியும். அதனால் பஸ் டிரைவர் எலீசியோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பக்கத்து வீட்டு கச்சீத்தா, "பொட்டி செத்தா புருஷன் வருவான்னு வேண்டிக்கிட்டியாடி?" என்று கேட்டுச் சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை.

மிக்தாலியா


ஓல்கின்
7 செப்டம்பர்

அன்புள்ள மிக்தா,

ரமீரோவைத் தொட விடாதே. எதுவும் அழிந்திருக்காது. அப்டேட் பாதியில் நின்றதுதான் காரணம். இயந்திரத்தை எழுப்புகிற கர்னல் என்ற மென்பொருள் புதிதாக இறங்கும்போது அரைகுறையாக நின்றிருக்கிறது. பழைய கர்னல் பக்கத்திலேயே இருக்கும். லினக்ஸ் அதை உடனே தூக்கி எறியாது.

சுவிட்சைப் போட்டதும் ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே இரு. ஒரு பட்டியல் வரும். இரண்டாவது வரிக்குள் போ. எண் குறைவாக உள்ள கர்னலைத் தேர்ந்தெடு. எழுந்ததும் முதல் வேலையாகக் குரல்களை இரண்டு பென்டிரைவில் எடுத்து வை. மிச்ச அப்டேட்டை முடிக்கும் கட்டளையைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கரன்ட் நிற்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் அதைச் செய்.

அக்கா வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. "பொண்டாட்டிக்கு லெட்டர் எழுதத் தெரியுது, வீட்டுக்குப் போகத் தெரியலையாடா?" என்பதும் தினம் கூடவே கிடைக்கிறது.

ஓனெலியோ


பயாமோ
9 செப்டம்பர்

ஓனெலியோவுக்கு,

நேற்றுக் காலை 9.20-க்குப் பழைய கர்னலில் எழுந்தது. பதினான்கு குரல்களும் இரண்டு பென்டிரைவில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கேட்டுச் சரிபார்த்தேன். நன்றி.

ஒரு கேள்வி. கறுப்புத் திரை என்று மட்டும்தான் எழுதினேன். அப்டேட் பாதியில் நின்றது உனக்கு எப்படித் தெரியும்?

கம்ப்யூட்டரில் அப்டேட் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். தொடங்கியது ஆகஸ்ட் 28, மதியம் 2.10. முடிந்த நேரம் இல்லை. அன்று மின்வெட்டு முறைப்படி நம் பிளாக்குக்கு இரண்டரைக்குக் கரன்ட் போனது. அன்று காலை பஸ்ஸிலேயே போய்விட்டதாகச் சொன்னவன் நீ. கச்சீத்தாவைக் கேட்டேன். "அஞ்சு மணி வரைக்கும் பொட்டி முன்னாடி நாற்காலியிலதான் உக்காந்திருந்தான். நீ கேக்கவே இல்லையே!" என்றாள்.

மிக்தாலியா


ஓல்கின்
12 செப்டம்பர்

மிக்தா,

உண்மைதான். "அந்த ரேடியோவையே கட்டிக்கோ" என்று காலையில் கத்திவிட்டுப் போனேன். பஸ் நிலையம் வரை போய்த் திரும்பி வந்தேன். உனக்கு மூன்று மணிக்கு வேலை முடியும். அதுவரை சும்மா உட்கார முடியவில்லை. ஏதாவது சரிசெய்துகொண்டிருந்தால் நீ உள்ளே வரும்போது பேச்சைத் தொடங்கச் சுலபமாக இருக்கும் என்று அப்டேட்டைப் போட்டேன். கரன்ட் போகும் நேரம் நினைவில் இல்லை.

ஐந்து வரை நீ வரவில்லை. ஓல்கினுக்கு ஆளேற்றிப் போகும் கடைசி லாரியைப் பிடித்தேன். கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான்தான். சொல்ல வெட்கமாக இருந்தது. ஒன்பது பேர் குரலையும் தொலைத்துவிட்டேனோ என்று உன் முதல் கடிதம் வந்ததிலிருந்து தூக்கமில்லை.

ஓனெலியோ


பயாமோ
14 செப்டம்பர்

அன்புள்ள ஓனெலியோ,

ஞாயிறு 17-ஆம் தேதி காலை எட்டு முதல் இரண்டு வரை நம் பிளாக்குக்குக் கரன்ட் உண்டு. மின்வாரிய அலுவலகப் பலகையில் நானே பார்த்தேன்.

ஆகஸ்ட் 28 அன்று எனக்கு மூன்று மணிக்கே வேலை முடிந்தது. நீ இல்லாத வீட்டுக்கு வர மனமில்லாமல் ஆறு மணி வரை நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பொய் சொன்னதற்கான கோபம் இன்னும் இருக்கிறது. அதை நேரில்தான் சொல்ல வேண்டும்.

அப்டேட் பாதியிலேயே நிற்கிறது. கட்டளை கையில் இருந்தும் நான் தொடவில்லை. எலீசியோவின் பஸ் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வரும். அன்று எனக்கு மூன்று மணிக்கு வேலை முடியும். மூன்றேகாலுக்கு வீட்டில் இருப்பேன்.

மிக்தா