அண்ணன் பெயரில் மூன்று வருடம்

4 மார்ச் 2025, செவ்வாய்

காலை ஷிப்ட். ரிசார்ட்டில் அறுபது பேருக்கு நாஷ்டா. தேனிலவுக்கு வந்த ஒருத்தன் சமையலறை வாசல் வரை வந்து, மேகம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று கேட்டான். நான் என்ன மேகத்துக்கு மேனேஜரா?

மதியம் பாஸ்போர்ட் வந்தது. அயர்லாந்து விசா அடித்திருக்கிறது. கார்க் என்ற ஊரில் ஓர் ஓட்டல் சமையலறை. ஏப்ரல் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும்.

சந்தோஷம் பத்து நிமிஷம்தான். அங்கே நர்ஸாக இருக்கும் சௌம்யாவுக்கு போன் போட்டேன். என் கூடப் படித்தவள். என்னைப் பெண்ணாகப் பார்த்தவள், ஆணாகப் பார்க்கிறவள், இரண்டுக்கும் ஒரே மாதிரித் திட்டுகிறவள்.

"ஊசிக்கு என்ன பண்ணப் போற?"

"மூணு மாச மருந்து கொண்டு வரேன்."

"அப்புறம்? புதுசா ஆரம்பிக்கணும்னா இங்க வரிசை வருஷக் கணக்கு. ஏற்கெனவே மருந்து எடுக்குறன்னு உன் டாக்டர் லெட்டர், பழைய ரத்தப் பரிசோதனை, எல்லாம் பாஸ்போர்ட் பேர்ல இருந்தா இங்க ஒரு டாக்டர் தொடர்ந்து எழுத வாய்ப்பு இருக்கு. வாய்ப்புதான். இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன். பொய்.

மூன்று வருடமாக 21 நாளைக்கு ஒரு தடவை தொடையில் டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொள்கிறேன். ஒரு சீட்டிலும் என் பெயர் இல்லை. எல்லாம் 'மகேந்திரன், ஆண்'. என் அண்ணன்.

6 மார்ச்

டாக்டர் இராமலிங்கத்தைப் பார்த்தேன். மூன்று வருடம் முன்பு முதல் தடவை வந்தபோது இதே அறையில்தான் சொன்னார்: "பொம்பளை பேர்ல இந்த மருந்தை எழுதினா பஜார் முழுக்கப் பேசும்மா. வீட்டு ஆம்பளை யாராவது பேர் சொல்லுங்க." வெளியே பெஞ்சில் இருந்த அண்ணன் தலையை நீட்டி, "என் பேரைப் போடுங்க சார்" என்றான். ஏதோ ரேஷன் பையை நான் பிடிக்கிறேன் என்பது போல. ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினதும் அவன் பெயரில்தான்.

போன வருஷம் கெசட்டில் யோகேஷ் ஆனேன். மருந்துச் சீட்டிலும் அன்றைக்கே மாற்றியிருக்கணும். ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்தணும் என்று விட்டேன். சோம்பேறி.

டாக்டர் இன்று: "இப்ப உன் பேர்ல எழுதினா, மூணு வருஷமா நான் பொய் எழுதினேன்னு ஆயிடும்ப்பா."

எழுதினீர்கள்தானே?

போன வருஷம் ஏதோ விழாவில் எங்களைப் போன்ற திருநர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தியவர். துணி போர்த்தக் கை வருகிறது. கையெழுத்துப் போட வரவில்லை.

7 மார்ச்

தூங்கவில்லை. ஊசி நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாதவிடாய் திரும்பும். ஐரோப்பாவில், ஆண்கள் விடுதியில்.

அம்மா கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னது. "சிலோன்லருந்து கப்பலேறும்போது எங்க சித்தப்பா பேரு மட்டும் பேப்பர்ல விட்டுப்போச்சு. அவரு அந்தக் கரையிலேயே நின்னுட்டாரு. பேரைச் சரி பண்ணாமப் போயிறாத சாமி."

10 மார்ச், திங்கள்



மூன்று மாத மருந்து சொல்லிவைக்க பஜார் மெடிக்கலுக்குப் போனேன். எப்போதும் அண்ணன்தான் வாங்கி வருவான். ஒரு நாள் பிந்தினாலும் நான் கத்துவேன். இன்று ஃபக்ருன்னிசா அக்கா மட்டும் கடையில் இருந்தார். அவர் அத்தா முத்து முகம்மது தொழுகைக்குப் போயிருந்தார்.

"அப்ப இது உங்களுக்குத்தானா?" என்று என் தாடியைப் பார்த்தார். "நான் போன வருஷமே நினைச்சேன். ஆம்பளைத்தனம் ஏற மருந்து வாங்குறாருன்னு உங்கண்ணனை இங்க நிக்கிற பயலுக என்ன பாடு படுத்துவானுக தெரியுமா? 'என்னண்ணே, இன்னும் சார்ஜ் ஏறலையா'ம்பானுக. அவரும் சிரிச்சுக்கிட்டே, 'ஏறுதுடா, மெதுவா ஏறுது'ம்பாரு."

அக்கா நிறுத்தவில்லை.

"பாலசமுத்திரத்துப் பொண்ணு வீடு ஏன் பின்வாங்கிச்சுன்னு நினைக்கிறீங்க? பொண்ணோட மாமா நேரா இங்க வந்தாரு. அந்த நேரம் உங்கண்ணனும் நின்னாரு. 'ஏம்ப்பா, இந்த மருந்து உனக்கா'ன்னு சத்தமாக் கேட்டாரு. 'ஆமாங்க, எனக்குத்தான்'னுட்டு, பையை வாங்கிட்டுப் போயிட்டாரு."

அந்தச் சம்பந்தம் முறிந்த அன்று நான் அவனிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "பொண்ணு பாக்கப் போன இடத்துல வாயைத் திறந்து பேசத் துப்பில்ல. எவ வருவா?"

நான் சொன்னேன். நான். அவன் எடுத்து வந்த மருந்தைத் தொடையில் ஏற்றிக்கொண்டே சொன்னேன்.

11 மார்ச்

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

12 மார்ச், புதன்

விடுப்புப் போட்டுவிட்டு அவன் வண்டியில் ஏறினேன். பள்ளங்கியில் கேரட் ஏற்றி வத்தலக்குண்டுக்கு இறக்குகிற பிக்கப். மலைப்பாதையில் டம்டம் பாறை வளைவு தாண்டின பிறகுதான் வாய் வந்தது.

"ஏன்ணே சொல்லல?"

"எதை?"

"மெடிக்கல்ல நடந்ததை. பாலசமுத்திரத்து மாமாவை."

கியரை மாற்றினான்.

"சொன்னா என்னலே பண்ணுவ? ஊசியை நிப்பாட்டுவ. நிப்பாட்டினா பழையபடி கதவைச் சாத்திட்டுக் கெடப்ப. அம்மா அழுவும். எனக்கு வெள்ளனே லோடு. எவனுக்குத் தூக்கம் வரும்?"

"உன் கல்யாணம் போச்சேண்ணே."

"அந்த ஆளு தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா உண்மையைச் சொல்லலாமான்னு யோசிச்சிருப்பேன். நாலு பேருக்கு முன்னாடி கேட்டான். அவனுக்கு நான் ஏன் உன்னைக் காட்டிக் கொடுக்கணும்?" பிறகு, "டாக்டர் என்ன சொல்றான்?"

சொன்னேன். கேட்டுவிட்டு லாரிக்காரன் ஒருவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அந்த வசவு டாக்டருக்கு.

படித்தவர்கள் எத்தனை பேர் என்னிடம் 'உன் தைரியத்தைப் பாராட்டுகிறேன்' என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் ஒரு கேலியைக்கூட என் சார்பில் வாங்கிக்கொண்டதில்லை. இவன் ஒன்பதாவது பெயில். பாராட்டத் தெரியாது. என் பெயரைக்கூட இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, ஏலேதான். மூன்று வருடம் பஜார் நடுவில் நின்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

13 மார்ச்

அண்ணன் டாக்டர் அறைக்குள் போய் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினான். திரைச்சீலைதான் கதவு, வெளியே பத்துப் பேர்.

"சார், அன்னைக்கு உங்க பயத்துக்கு என் பேரைக் குடுத்தேன். இன்னைக்கும் நானே எழுதித் தாரேன். இந்த மருந்து எனக்கில்லை, நான் உங்க நோயாளியே இல்லை. நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டுத் தாரேன். நீங்க பாத்தது யாரைன்னு மட்டும் நீங்க எழுதுங்க."

"மெதுவாப் பேசுப்பா, வெளிய கேக்கும்."

"கேக்கட்டும் சார். இத்தனை வருஷம் தப்பாத்தானே கேட்டானுக."

டாக்டர் என்னைப் பார்த்தார். பத்திரம் வந்தால் எழுதுவதாகச் சொன்னார். வேர்த்திருந்தது அவருக்கு. பாவமாகவும் இருந்தது, அறையவும் தோன்றியது.

வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்த பத்துப் பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் போய்விடுவேன். இவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு இங்கேயே நிற்கப் போகிறவன் அவன்.

18 மார்ச், செவ்வாய்

வத்தலக்குண்டு. நோட்டரி ஆபீஸ் பக்கத்தில் டைப் அடிக்கிற கடை. அண்ணன் சொல்லச் சொல்ல அந்த ஆள் அடித்தார். "...மேற்படி மருந்துகள் யாவும் என் தங்கைக்காக..."

"தங்கை இல்லீங்க. தம்பி."

"பிறந்தப்ப பொண்ணுன்னு நீங்கதானங்க சொன்னீங்க?"

"அது அப்ப. இப்ப மீசையைப் பாருங்க, என்னதை விட அடர்த்தி. தம்பின்னு அடிங்க. தம்பி யோகேஷ்."

நான் வெளியே நின்ற வண்டியில் கேரட் மூட்டைகளை எண்ணுகிற மாதிரி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

20 மார்ச்

கடிதம் கிடைத்தது. யோகேஷ், ஆண், மூன்று வருட சிகிச்சை, அளவு, தேதிகள். பழைய ரத்த முடிவுகள் எல்லாம் என்னுடையவை என்று தனியாக ஒரு பக்கம். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. இந்த டாக்டருக்கு ஒழுங்காக எழுதத் தெரியும், பாருங்கள்.

ஃபக்ருன்னிசா அக்கா பில்லில் என் பெயரைப் பெரிதாகப் போட்டார். மருந்துக் குப்பிகளை அவரே பஞ்சில் சுற்றித் தந்தார். "அங்க குளிருல எண்ணெய் மருந்து இறுகும், உள்ளங்கையில வெச்சு சூடு பண்ணிக்கங்க."

23 ஏப்ரல்

மதுரை விமான நிலையம். அண்ணன் லோடு இருக்கு என்று வாசலிலேயே வண்டியைத் திருப்பிவிட்டான். லோடு ஒன்றும் இல்லை, நேற்றே இறக்கியாயிற்று.

2 மே, கார்க்

மழை. பாத்திரம். மழை.

12 ஜூன், வியாழன்

சௌம்யா சொன்ன கிளினிக்கில் இன்று முறை. ஏழு வாரம் காத்திருந்து கிடைத்தது. டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். இராமலிங்கத்தின் கடிதத்தைப் படித்தார். பிறகு அண்ணனின் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை. அதைத் திரும்ப முதலிலிருந்து படித்தார்.

"உங்கள் அண்ணனா இப்படிச் செய்தார்?"

ஆமாம் என்றேன்.

அதே அளவில் தொடரலாம், முதலில் ரத்தம் பார்த்துவிடலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நர்ஸ் நான்கு குப்பி எடுத்தார். ஒவ்வொன்றிலும் அச்சடித்த சீட்டை ஒட்டி என் முன்னால் வைத்து, பெயர் சரியா என்று கேட்டார். நான்கையும் படித்தேன். சரி என்றேன்.

அதைப் படம் எடுக்க அனுமதி கேட்டேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் சரி என்றார். அண்ணனுக்கு அனுப்பினேன். அரை மணி கழித்துப் பதில்:

'எதுக்குலே யோகேசு அம்புட்டு ரத்தம் எடுக்குறாங்க?'