அனலைதீவுக்கு எந்தக் கம்பனி

28.6.2005 செவ்வாய்

சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. கொடியில் போட்ட வெள்ளைச் சீருடை இரண்டும் புழுதியில் தேத்தண்ணி நிறம். திரும்பவும் தோய்ப்பு.

காலை கரம்பொன்னில் கிளினிக். எட்டுத் தாய்மார், பதினைந்து வம்பு. வாய்க்கால் வீட்டு மருமகள் தனிக்குசினி கேட்கிறாளாம். நியாயம்தான். அந்த மாமியின் மீன்குழம்பை நான் சாப்பிட்டிருக்கிறேன்.

பின்னேரம் மாதக் கூட்டம். பெரிய டொக்டர் எல்லார் முன்னிலையிலும்: "மிசி, ஒரு கைபோன் வாங்குங்கோ. போன் இருந்திருந்தா அந்தப் பிள்ளை தப்பியிருக்கும்." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் என் தலை ஆடுகிறது.

அந்தப் பிள்ளை என்றால் பெ. அதைப் பெர்னதெத் என்று முழுதாக எழுத ஏழு கிழமையாகக் கை வரவில்லை. இதோ, எழுதியாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

அனலைதீவு. இருபத்தாறு வயது. தலைப்பிரசவம், பிறகு இரத்தப்போக்கு. அங்கே மருத்துவிச்சி இடம் வெற்றிடம். ஊர்காவற்றுறையிலிருந்து நான்தான் பதிலாள். நான் போய் இறங்கியபோது மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். குழந்தை தப்பியது. பெட்டை. புருசன் யேசுதாசன், கடற்தொழில். குழந்தைக்கு நிறை பார்க்க நான் போயிருக்க வேண்டும். போகவில்லை.

விசாரணைக் கடதாசியில்: செய்தி மறுநாள்தான் வந்து சேர்ந்தது, தொலைபேசி வசதி இல்லை.

சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன், பகிடி விடுகிறேன். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, உடம்பு முழுக்க.

அடுத்தது ஸ்டெல்லா. அதே தீவு. நாலாவது பிள்ளை. மூன்றாவதுக்கு நிறைய இரத்தம் போனது. நாள்: ஜூலை நடுப்பகுதி.

போன் வாங்கத்தான் வேண்டும்.

30.6 வியாழன்

யாழ்ப்பாணம். பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம், அதில் ஒரு மணித்தியாலம் இவர் (என் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்) கைத்தொலைபேசி எப்படி வேலை செய்கிறது என்று பக்கத்து ஆளுக்கு விளக்கம். இவர் இதுவரை ஒன்றைத் தொட்டதில்லை.

என் தேவை:
- கிணற்றடியில் நின்றாலும் கேட்கிற சத்தம்
- கடல்தண்ணி தெறித்தால் சாகாதது
- பெரிய எழுத்து (கண்ணாடி போடச் சொன்னால் கோபம் வரும்)
- பற்றரி மூன்று நாள்

இவரின் தேவை: படம் எடுக்க வேண்டும். எதை எடுக்க என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறாராம்.

கடைக்காரர், கழுத்தில் தடித்த சங்கிலி: "மிசி கூடுதலா எங்கை நிப்பீங்கள்? அந்த இடத்தில கவரேஜ் இருக்கோணும்."

"கட்டிலடியில."

இவர் இருமினார்.

"மற்றவையின்ர கட்டிலடியில," என்றேன். இன்னும் பலமாக இருமினார்.

பாவித்த போன் ஒன்று எடுத்தோம். செங்கல் அளவு. விழுந்தால் நிலம்தான் உடையும் என்றார் கடைக்காரர். சிம்தான் குழப்பம். இரண்டு கம்பனி. ஒன்றின் விளம்பரத்தில் ஒரு பெட்டை சிரிக்கிறாள், மற்றதில் ஒரு மனிசன் ஓடுகிறான். பெயர்கள் வாயில் வரவில்லை. எனக்கு அவை சிரிப்பும் ஓட்டமும்.

"ரெண்டையும் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கோ மிசி. சரிவராததைத் திருப்பித் தாங்கோ. தீவுப் பக்கம் கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

2.7 சனி

பரிசோதனை.

சிரிப்பு: வீட்டில் சிக்னல் முழுக்கோடு. குசினி, விறாந்தை, கட்டில், எல்லா இடமும். இவரின் தம்பி கனடாவிலிருந்து போன் எடுத்தார். பக்கத்துக் கதிரையில் இருந்து கதைப்பது போல. இவர் முகத்தில் கலியாண நாளில்கூட நான் காணாத பூரிப்பு.

ஓட்டம்: வீட்டுக்குள் ஒன்றுமில்லை. முற்றத்தில் ஒன்றுமில்லை. கக்கூஸ் வாசலில் ஒரு கோடு. கதவைத் திறந்தால் இரண்டு.

இவர் தீர்ப்பு எழுதிவிட்டார். "சிரிப்புத்தான். இதில யோசிக்க என்ன கிடக்கு?"

4.7 திங்கள்

அனலைதீவில் கிளினிக். வள்ளத்தில் சிம்மை மாற்றி மாற்றிப் போட்டேன். சுற்றி இருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. ஜெற்றியைவிட்டுக் கொஞ்சத் தூரத்தில் சிரிப்பு செத்தது. பிறகு உயிர்க்கவேயில்லை. ஓட்டமும் போய்விட்டது.

தீவில் இறங்கிப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு கிழவர் குடையா என்று கேட்டார்.

லூயிஸ் சம்மாட்டி வீட்டில் ஒரு போன் இருக்கிறது. சொந்த வள்ளங்கள் உள்ள பெரிய வீடு. மகன் பிரான்சிலிருந்து அனுப்பியது. அலுமாரியில், துவாயில் சுற்றி, ஞானஸ்நான உடுப்புகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கம்பனி: ஓட்டம். கரையில் ஏற்றிவிட்ட பழைய வள்ளத்தின் அணியத்தில், அந்த முன்முனையில், ஏறி நின்றால் மட்டும் கோடு வரும். ஏறுவது சம்மாட்டியின் மனிசி திரேசம்மா. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினா. நானும் பின்னால் ஏறினேன். இரண்டு பேர் எடைக்கும் வள்ளம் முனகியது.

நின்று பார்த்தேன். இரண்டு கோடு.

இவ்வளவு நாளும் எனக்கு உறைக்காத விசயம்: என் கையில் போன் இருந்தால் காணாது. அடிக்க அந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும்.

ஸ்டெல்லாவிடம் போனேன். வயிறு இறங்கிவிட்டது. இப்போதே ஊர்காவற்றுறைக்கு வந்து ஆஸ்பத்திரியில் தங்கச் சொன்னேன்.

"நான் வந்தா ஆட்டுக்கு ஆர் குழை ஒடிக்கிறது மிசி?"

"உன்ர மனிசன் ஒடிப்பார்."

"அவர் ஒடிச்சா ஆடு தின்னாது."

"ஆட்டை விடு. போனமுறை எவ்வளவு இரத்தம் போனது, ஞாபகம் இருக்கோ?"

"உங்களுக்குத்தானே ஞாபகம் இருக்கோணும். நான் மயங்கியெல்லோ கிடந்தனான்," என்று சிரித்தாள். பிறகு மெதுவாக: "நீங்கள் வருவீங்கள்தானே மிசி?"

ஓம் என்றேன்.

திரேசம்மாவோடு ஒழுங்கு. இடுப்பு நோ தொடங்கினால் எல்லாரும் பதறுவார்கள், ஒருவரும் வள்ளத்தில் ஏறிக் கோடு தேட மாட்டார்கள். ஆகவே தலைகீழாக. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு மிஸ்கோல் என்றால் ஸ்டெல்லா சுகம். மிஸ்கோல் வராவிட்டால் நான் வெளிக்கிடுவேன்.

"சுகமில்லாட்டிப் பேசாமல் இருக்கோணுமோ?"

"ஓம் அக்கா."

"வாழ்க்கையில முதல் தரம் ஒருத்தர் என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிச் சம்பளம் இல்லாத வேலை தந்திருக்கிறா," என்றா திரேசம்மா.

5.7 செவ்வாய்

சிரிப்பு சிம்மைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இவர் மத்தியானம் வரைக்கும் கதைக்கவில்லை. பிறகு:

"தம்பி கனடாவிலயிருந்து எடுத்தா?"

"கக்கூஸ் வாசலில நிண்டு கதையுங்கோ."

"உமக்கு விசர்."

இருக்கலாம். கக்கூஸ் கதவில் ஆணி அடித்துப் போனைப் பையோடு தொங்கவிட்டிருக்கிறேன். ஆறு மணிக்கு அடித்தது. ஒரு தரம். நின்றது. ஸ்டெல்லா சுகம்.

8.7 வெள்ளி

நேற்று ஆறு மணிக்கு அடிக்கவில்லை. ஆறரை, ஏழு. இல்லை. திரும்ப எடுத்தால் பெண்குரல் ஒன்று சிங்களத்தில் ஏதோ சொல்லிற்று. காலை முதல் வள்ளத்தில் போனேன். அலை. இரண்டு தரம் சத்தி எடுத்தேன், ஒரு தரம் அயலவரின் மரக்கறிப் பையில்.

ஸ்டெல்லா ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு நின்றாள். தீவில் மின்சாரம் பின்னேரத்தில் மட்டும்தான். இரண்டு நாளாக இயந்திரம் பழுது. திரேசம்மாவின் பற்றரி செத்துவிட்டது.

திரும்பி வரும் வள்ளத்தில் எல்லாருக்கும் கதை தெரிந்திருந்தது. "மிசி, என்ர ஆடும் குட்டி போடக் கிடக்கு, நம்பர் தாறீங்களோ?" நானும் சிரித்தேன். முகம் பழக்கத்தில் தானாகச் செய்கிறது.

9.7 சனி

யாரும் வாசிக்காத கொப்பி. எழுதி வைக்கிறேன்.

பெ.க்காக வந்த துண்டுக் கடதாசி மறுநாள் வரவில்லை. அன்றைக்கே வந்தது. மத்தியானம், ஜெற்றியில், அனலைதீவு ஆள் ஒருவர் என் கையில் தந்தார். நாலாக மடித்திருந்தது. யேசுதாசனின் எழுத்து. "இடுப்பு நோ தொடங்கீட்டுது. மிசி வரவும்."

கடலைப் பார்த்தேன். காற்று. தலைப்பிள்ளைதானே, மெதுவாகத்தான் வரும், விடிய முதல் வள்ளத்தில் போகலாம் என்று துண்டைக் கைப்பைக்குள் வைத்தேன். பின்னேர வள்ளம் போனது. நான் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து இவருக்குத் தோசை சுட்டேன்.

விசாரணையில் துண்டு எப்போது கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் என்று அவர்களாகவே எழுதினார்கள். நான் கையெழுத்து வைத்தேன்.

போன் இருந்திருந்தாலும் அன்றைக்கு நான் நாளைக்கு வாறன் என்றுதான் சொல்லியிருப்பேன். இன்னும் தெளிவான குரலில்.

இவரின் சாரத்தில் தையல் விட்டுப்போயிருக்கிறது. தைக்க வேண்டும்.

12.7 செவ்வாய்

அனலைதீவிலிருந்து. கிளினிக் பதிவின் பின்பக்கத் தாளில்.

மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கக்கூஸ் கதவில் போன் அடித்தது. ஒரு தரம். நின்றது.

இவர் எட்டிப் பார்த்தார். "அந்தத் தீவு நம்பர்தான். சுகமாம். சோத்தைத் தின்னும்."

சாப்பிட உட்கார்ந்தேன். காற்றுக் கூரை ஓட்டைத் தூக்குகிற மாதிரி. வள்ளச் சேவை காலையிலேயே நிறுத்திவிட்டதாக பஸ்ஸில் கதை. சுகம் என்று செய்தி வந்துவிட்டது. போக வள்ளமும் இல்லை. இரண்டும் சேர்ந்து எனக்கு எவ்வளவு வசதி என்று ஒரு வாய்ச் சோறு உள்ளே போகும்போதுதான் தெரிந்தது.

ஏன் பன்னிரண்டரைக்கு? இந்தக் காற்றுக்குள் ஒரு பெரிய மனிசி சீலையைச் செருகிக்கொண்டு வள்ளத்தில் ஏறி, சுகம் என்று சொல்ல வேண்டிய அவசரம் என்ன? திரும்ப எடுத்தேன். பதில் இல்லை.

ஜெற்றிக்குச் சைக்கிள். மீன்பிடி வள்ளக்காரர் ஒருவர் கயிறு கட்டிக்கொண்டு நின்றார்.

"இண்டைக்கு ஏலாது மிசி. கடலைப் பாருங்கோ."

"கடலைப் பாத்து நான் ஒருக்கா நிண்டிட்டன் அண்ணை. இன்னொருக்கா ஏலாது."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்தார்.

பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கண்ணை மூடியிருந்தேன்.

கரையில் திரேசம்மா. இரண்டு கையும் தலையில். "ஐயோ மிசி, சுகம் எண்டெல்லோ அடிச்சனான்!"

"அதுதான் வந்தனான்."

"விடியவே ஸ்டெல்லாவுக்கு வயித்துக் குத்துத் தொடங்கீட்டுது. பின்னேரம் அந்தரத்தில அடிக்க ஏலாமல் போனா நீங்கள் இந்தக் கடலுக்கை வெளிக்கிட்டிடுவீங்கள் எண்டு பயந்துதான்... உங்களுக்கும் ஒண்டு நடந்தா எங்களுக்கு ஆர் இருக்கினம்?" அழத் தொடங்கினா. அழுதுகொண்டே என் பையை வாங்கி முன்னால் ஓடினா.

3.40க்குப் பிறந்தான். ஆண். பெரிய தலை. இரத்தம் வந்தது. நிறைய. ஊசி, வயிற்றைப் பிடித்து உருட்டல், துணி, இன்னும் துணி. இருபது நிமிசம். நின்றது.

ஸ்டெல்லா: "ஆட்டுக்குக் குழை வைச்சதோ?"

வெளியில் வந்து நின்றேன். சந்தோசம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பசி வந்தது.

13.7 புதன்

காற்றுக் கொஞ்சம் அடங்கல். வள்ளம் பத்தரைக்காம்.

ஸ்டெல்லா சுகம். குழந்தை பால் இழுக்கிறான்.

தராசை எடுத்துக்கொண்டு யேசுதாசன் வீட்டுக்குப் போனேன். தொழிலுக்குப் போகவில்லை, குசினி வாசலில் பால்போத்தல் கழுவிக்கொண்டிருந்தார். மகள் அவருடைய மடியில். ஏழு, எட்டு, ஒன்பதாவது கிழமை இப்போது. நிறை: நாலு கிலோ இருநூறு. காணாது, ஆனால் மோசமில்லை. எழுதினேன். மூக்குத் தாயின் மூக்கு.

பிள்ளையைத் திரும்ப அவர் மடியில் கிடத்தி, தராசை மடித்துப் பையில் வைத்தேன். பிறகு சொன்னேன்.

"யேசுதாசன், உம்மடை துண்டு எனக்கு அண்டைக்கே கிடைச்சது. மத்தியானமே. காத்தைப் பாத்திட்டு நாளைக்கு எண்டு விட்டனான்."

போத்தலுக்குள் தண்ணி விட்டுக் குலுக்கினார். ஊற்றினார்.

"தெரியும் மிசி."

"எப்பிடி?"

"கொண்டந்த ஆள் அண்டைக்குப் பின்னேர வள்ளத்திலேயே வந்து சொன்னவர், கையில குடுத்தனான் எண்டு."

"அப்ப விசாரணைக்கு வந்த ஆக்களிட்டை ஏன் சொல்லேல்லை?"

இன்னொரு தரம் தண்ணி விட்டார். என்னைப் பார்க்கவில்லை.

"சொல்லியிருந்தா உங்களை மாத்தியிருப்பினம். பேந்து ஸ்டெல்லாவுக்கு ஆர் வாறது?"

பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

"பிள்ளையின்ர தலையைப் பிடியுங்கோ மிசி, சரியுது," என்றார்.

பிடித்தேன்.